பதின்மூன்றாம் தேதி காய்ச்சல் இல்லை

பாளையங்கோட்டை
டிசம்பர் 19, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் இசக்கிச்செல்விக்கு, அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உன் பிள்ளை கனிஷ்காவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நல்லபடியாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் நினைத்துக்கொள்கிறோம். முதலில் நேற்றைய விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நேற்று வியாழக்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு, திருநெல்வேலி குடும்ப நல நீதிமன்றத்தில், டிசம்பர் 13ஆம் தேதி கனிஷ்காவுக்குக் காய்ச்சல் இல்லை என்று நான் சொல்லிவிட்டேன். இது யாரோ சொல்லிக் கேட்டது இல்லை, சொன்ன வாய் என்னுடையதுதான். உன் வக்கீல் மும்தாஜ் பேகம் அம்மா உனக்கு போன் போட்டிருப்பார். அதற்குப் பிறகு நீ ஒன்பது தடவை என்னைக் கூப்பிட்டிருக்கிறாய். நான் எடுக்கவில்லை. எடுத்தால் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ அழுவாய், உன் அம்மா போனைப் பிடுங்குவாள், கடைசியில் நான் சரிம்மா சரிம்மா என்று சொல்லி வைப்பேன். ஐந்து மாதமாக அப்படிச் சரிம்மா சொல்லித்தான் இங்கே வந்து நிற்கிறோம். அதனால் எழுதுகிறேன். உன் ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மேலப்பாளையம் ரசீத் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை மஸ்கட் கிளம்புகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். கிழித்துப் போடாமல் கடைசி வரை படி.

மார்ச் மாதம் கோர்ட் போட்ட உத்தரவு நம் இரண்டு பேருக்கும் மனப்பாடம். பிள்ளை உன் பொறுப்பில் இருக்கும், நீ வெளிநாட்டில் நர்ஸாக இருக்கும் வரை எங்கள் வீட்டில் வளரும், மாதத்தில் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை அப்பாவான மாரிராஜுடன் இருக்கும், கொடுப்பதும் வாங்குவதும் பாளை பஸ் ஸ்டாண்ட் டைம் ஆபீஸ் முன்னால். இடத்தைச் சொன்னது நான், முப்பத்தொரு வருஷம் பஸ் வந்து போகிற நேரத்தை எழுதும் டைம் கீப்பராக உட்கார்ந்த இடம், அங்கே கடிகாரத்தை வைத்து யாரும் தகராறு பண்ண முடியாது என்பதால். சனிக்கிழமை வேண்டும் என்று கேட்டு வாங்கியது நீ. மாரிராஜ் ஞாயிறுதான் கேட்டான், அவன் வேலை பார்க்கிற வண்ணார்பேட்டை ஒர்க்‌ஷாப்புக்கு அன்றைக்குத்தான் லீவு. மஸ்கட்டில் வெள்ளி, சனி லீவு, அன்றைக்குக் கொண்டுபோனால் என்ன சாப்பிட்டாள் என்ன பேசினான் என்று சுடச்சுட வீடியோவில் கேட்டுவிடலாம் என்பது உன் கணக்கு. அவனும் முதலாளியிடம் கெஞ்சி மாதத்தில் இரண்டு சனிக்கிழமை வாங்கினான். இதில் எல்லோரும் சேர்ந்து ஒரு தப்புப் பண்ணினோம் செல்வி. ஆனித் தேருக்கு உள்ளூர் விடுமுறை விட்டால் அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடம் உண்டு. ஐப்பசி கார்த்திகை மழைக்கு கலெக்டர் லீவு விட்டால் அதற்கும் சனிக்கிழமைதான் பலியாகும். நீ இந்த ஊரில் பன்னிரண்டு வருஷம் யூனிபார்ம் போட்டவள், எத்தனை சனிக்கிழமை முணுமுணுத்துக்கொண்டே போயிருக்கிறாய். மாரிராஜ் மாஞ்சோலையில் படித்தவன், அவனுக்கு மழை லீவு நம்மை விட அதிகம். இரண்டு வக்கீலும் நெல்லைக்காரர்கள். தேரும் மழையும் தெரிந்த இத்தனை பேர் உட்கார்ந்து, சனிக்கிழமை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

ஏப்ரல் மாதத்திலிருந்து இந்த மாதம் 13ஆம் தேதி வரை பதினேழு சனிக்கிழமை வந்தது. பதின்மூன்று நடந்தது. நாலு நடக்கவில்லை. நடந்த பதின்மூன்றிலும் அவன் பத்து மணிக்கு முன்னால் வந்து நின்றான், ஐந்து மணிக்குள் கொண்டுவந்து விட்டான், ஒரே ஒரு நாள் மட்டும் வண்ணார்பேட்டை பாலத்தில் நெரிசலாகி ஐந்து பன்னிரண்டு. அவன் மேல் குடி வாசனை அடிக்கிறதா என்று பார்க்கச் சொன்னாய், ஒவ்வொரு தடவையும் தோளோடு தோள் உரச நின்று பார்த்தேன், இல்லை. அக்டோபர் 25ஆம் தேதி உனக்குச் சொல்லாமல் ரெட்டியார்பட்டியில் அவன் இருக்கிற அடுக்குமாடி வீட்டுக்கும் போய்வந்தேன். மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டை விட்டு இறங்கி வந்ததிலிருந்து அவனும் அவன் தாயாரும்தான் அங்கே. பெருக்கித் துடைத்து வைத்திருந்தார்கள், ஜன்னலுக்குக் கம்பி இருக்கிறது, மாடிப்படிக்குக் கைப்பிடி இருக்கிறது. இவ்வளவுதான் நான் பார்த்தது. அவன் மனசுக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு நான் சாட்சி இல்லை.

நடக்காத நாலில் முதலாவது ஜூலை 26. தேர் லீவுக்காக அன்றைக்குப் பள்ளிக்கூடம். பள்ளி வாட்ஸ்அப் குழுவில் உன் நம்பர் ஒன்றுதான் இருக்கிறது, தகவல் மஸ்கட் போய் அங்கிருந்து உன் அம்மா போனுக்கு வந்தது. கூடவே உன் குரல் பதிவும் வந்தது: அவனுக்குச் சொல்ல வேண்டாம், வந்து நின்னு பாக்கட்டும், ஆறு மாசம் நான் ஏமாந்து நின்ன மாதிரி. சரிம்மா என்றேன். அன்று காலை கனிஷ்காவைப் பள்ளியில் விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் மார்க்கெட் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பும்போது பத்து நாற்பது. டைம் ஆபீஸ் பக்கத்து சிமெண்ட் பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் சின்னப் பிள்ளை ஹெல்மெட், ரோஸ் கலர். பஸ் இரண்டு நிமிஷம் நின்றது. நான் இறங்கவில்லை. தலையைக் குனிந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தேன், வியர்க்கவில்லை. மற்றவர்கள் செய்ததை அப்புறம் எழுதுகிறேன், நான் செய்தது இது.

நவம்பரில் மழை உனக்கே தெரியும், ஆறு குறுக்குத்துறை கோயிலை முக்கிக்கொண்டு போனது, ஐந்து நாள் லீவு. அதற்கு ஈடாக 8ஆம் தேதியும் 22ஆம் தேதியும் பள்ளிக்கூடம். இந்தத் தடவை நான் முன்கூட்டியே மாரிராஜுக்கு போன் பண்ணிச் சொன்னேன். அவன் சண்டை போடவில்லை. அப்ப ஞாயித்துக்கிழமை தாங்க மாமா, அன்னைக்கு எனக்கும் லீவுதான், பிள்ளைக்கும் லீவுதான் என்றான். நியாயமாகத்தான் பட்டது. உன்னைக் கேட்டேன். உத்தரவில் சனிக்கிழமைன்னுதான் இருக்கு, ஞாயிறுன்னு இல்லை, கோர்ட் எழுதினதைத்தான் நான் கேக்குதேன் என்றாய். அப்படிப் பார்த்தால் பள்ளிக்கூடம் இருந்தால் தரவேண்டாம் என்றும் உத்தரவில் இல்லையே என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை உன்னிடம் சொல்லவில்லை. சரிம்மா. அவன் ஒரு வாரம் பொறுத்தான், பிறகு வக்கீலைப் பார்த்து மனுப் போட்டான். மூன்று சனிக்கிழமை போய்விட்டது, ஈடு வேண்டும், இனிமேல் சனிக்கிழமை பள்ளி வேலை நாளானால் மறுநாள் ஞாயிறு தானாகவே தன் நாளாக வேண்டும், பள்ளிக் குழுவில் தன் நம்பரையும் சேர்க்க வேண்டும். இந்த மூன்றுதான் கேட்டிருக்கிறான். பிள்ளையைக் கேட்கவில்லை. மனு நகலை மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

மனு வந்த கோபத்தில் நீ 12ஆம் தேதி அனுப்பின குரல் பதிவை இன்னும் வைத்திருக்கிறேன். நாளைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல்னு சொல்லுங்க, கோர்ட்டுக்குப் போனா என்ன ஆகும்னு அவனுக்குத் தெரியட்டும். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போகமாட்டேன் என்றேன். அப்படியானால் நான் போறேன், எனக்குக் காலா இல்லை என்று உன் அம்மா முழங்கால் வலியோடு ஆட்டோ பிடித்துப் போனாள். நூத்தியொண்ணு காய்ச்சல், கண்ணையே திறக்கலை என்று சொல்லியிருக்கிறாள். அவன் பதறிப்போய் எந்த டாக்டர் அத்தை, ரத்தம் எடுத்தாச்சா, டெங்கு பரவுதாம் அத்தை என்று கேட்டிருக்கிறான். இவளுக்கு டாக்டர் பேர் வாயில் வரவில்லை, ஆட்டோவில் ஏறி வந்துவிட்டாள். அரை மணியில் அவன் நம் தெருவுக்கே வந்துவிட்டான், கையில் சாத்துக்குடிப் பை. உத்தரவுப்படி அவன் வீட்டுக்கு வரக் கூடாது என்று அவனுக்குத் தெரியும், வாசல்படி ஏறவில்லை, எதிர்ச் சுவரோரம் நின்றான். உன் அம்மா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். சீவிப் பின்னி ரிப்பன் கட்டி, செருப்பு மாட்டித் தயாராக நின்ற பிள்ளை ஜன்னல் வழியாக அவனைப் பார்த்துவிட்டாள். அப்பா ஏன் அங்கன நிக்காங்க என்று கேட்டாள். உனக்குக் காய்ச்சல்னு சொல்லியிருக்குட்டி, உள்ள போ என்றாள் உன் அம்மா. கனிஷ்கா தன் கழுத்தைத் தானே தொட்டுப் பார்த்தாள். என்னிடம் வந்து, தாத்தா எனக்குக் காய்ச்சலா என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை செல்வி. பதில் வராததைப் பார்த்துவிட்டு அவளாகவே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள், கட்டிலில் ஏறி, அந்தப் பகல் புழுக்கத்தில் கம்பளியை இழுத்துக் கழுத்து வரைக்கும் போர்த்திக்கொண்டாள். எதுக்கு என்று கேட்டேன். அப்பா உள்ள வந்து பாத்தா ஆச்சி பொய் சொன்னதாயிருமே என்றாள். ஏழு வயசு. நாம் எல்லோரும் சேர்ந்து சொன்ன பொய்யை உண்மையாக்க அது வியர்த்து விறுவிறுத்துப் படுத்துக் கிடந்தது. அவன் பதினொன்று முப்பத்தைந்து வரை நின்றான். பையை நம் கேட்டில் மாட்டிவிட்டுப் போனான். இதெல்லாம் நான் கண்ணால் பார்த்தது. நானும் கதவைத் திறக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

நேற்றுக் காலை கோர்ட் வராந்தாவில் மும்தாஜ் பேகம் அம்மா ஒரு தாளைக் கொடுத்து, செல்வி சொன்னபடி டைப் பண்ணியிருக்கு அண்ணாச்சி, படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க என்றார். 13ஆம் தேதி காய்ச்சல், ஜூலை 26ஆம் தேதி அவன் வரவே இல்லை, இப்படி இரண்டு வரி. படித்துப் பார்த்தேன், போடவில்லை. நான் வேலையில் இருந்த காலத்தில் கண்டக்டர்கள் வந்து, அண்ணாச்சி ரெண்டு நிமிஷம் குறைச்சுப் போடுங்க, மேலதிகாரி மெமோ தாரான் என்று கெஞ்சுவார்கள். நல்ல மனுஷர்கள், என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். வராத வண்டியை வந்ததாக நான் எழுதினது இல்லை, வந்த வண்டியை வரவில்லை என்று எழுதினதும் இல்லை. கடிகாரத்துக்குப் பொறந்த பய என்று என் காதுபடவே ஏசுவார்கள், ஏசிவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கிறேன். வண்டிக்கே எழுதாதவன் பேத்திக்கு எழுதுவேனா? கேஸ் கூப்பிட்டார்கள். பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறவர் யார் என்று நீதிபதி அம்மா கேட்டார். எழுந்து நின்றேன். 13ஆம் தேதி காய்ச்சல் என்று தாய் தரப்பில் சொல்கிறார்களே, டாக்டர் சீட்டு இருக்கிறதா என்றார். சீட்டு இல்லம்மா, காய்ச்சலும் இல்லை என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதிபதி அம்மா சிரிக்கவில்லை. ஒவ்வொரு தேதியாகக் கேட்டார். பாக்கெட்டிலிருந்த என் சின்ன நோட்டைக் கொடுத்தேன், புரட்டிப் பார்த்து இந்த ஐந்து பன்னிரண்டு என்ன என்றார், பாலம் என்றேன். அவர் கேட்காத ஒன்றையும் சொன்னேன். மனுவில் ஜூலை 26ஆம் தேதி மாரிராஜ் இரண்டு மணி வரை காத்திருந்ததாக இருக்கிறது, அது சரியில்லை, இப்போது அங்கே இருக்கிற டைம் கீப்பரிடம் விசாரித்தேன், பன்னிரண்டு பத்துக்கு எழுந்து போய்விட்டான் என்றேன். அவனுடைய வக்கீல் முகம் சுண்டிப்போனது. யார் பக்கமும் கூட்டிச் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

வெளியே வந்ததும் மும்தாஜ் பேகம் அம்மா, அண்ணாச்சி, இருபத்திரண்டு வருஷத்துல எதிர்க்கட்சி சாட்சி என்னைக் கவுத்தது உண்டு, சொந்தக் கட்சி சாட்சியே கவுத்தது இன்னைக்குத்தான் என்றார். கோபத்தில் சொன்னதாகத் தெரியவில்லை. பைய என் பக்கத்தில் வந்து, இனிமே காய்ச்சல்னா சீட்டோட வரச் சொல்லுங்க, சும்மா வாயால வந்தா நான் எழுதமாட்டேன் என்றும் சொன்னார், இதை உனக்குச் சொல்லச் சொன்னார். மாரிராஜ் வேப்பமரத்தடியில் நின்றான். மாமா என்றான். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஏலே, பன்னிரண்டு பத்துக்கு எந்திச்சுப் போனவன் எதுக்குலே ரெண்டு மணின்னு எழுதுன என்று கேட்டேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான், அங்கன இருந்து எந்திச்சுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன் மாமா, டீக்கடையில கேட்ட பெறகுதான் இன்னைக்கு ஸ்கூல் உண்டுன்னே தெரியும், கேட்டுல ரெண்டு மணி வரைக்கும் நின்னேன், உள்ள விடலை, ஒருவேளை சாப்பாட்டு மணி அடிச்சா வெளிய வருவாளோன்னு பாத்தேன். அப்போ ஏம்லே உள்ள சொல்லலை என்றேன். நீங்க இவ்வளவு சொன்னதுக்குப் பெறவு உங்கள மறுத்துப் பேச வாய் வரலை மாமா என்றான். இன்று காலை கனிஷ்காவை விடும்போது பள்ளி வாட்ச்மேனைக் கேட்டேன். ஆமா, ரோஸ் கலர் ஹெல்மெட் வெச்சிக்கிட்டு ஒருத்தர் நின்னார், ரெண்டு மணிக்கு நான் ஷிப்டு மாறும்போதும் நின்னார் என்றார். ஆக, அரைகுறையாக விசாரித்துவிட்டு கோர்ட்டில் பேசினது நான். அடுத்த வாய்தாவில் அதையும் எழுந்து நின்று திருத்திச் சொல்வேன்.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும், பாதியை நேற்றே குரல் பதிவாக அனுப்பியும் விட்டாய். அவன் உன்னிடம் செய்தது சின்னது இல்லை. வேலையை விட்டுவிட்டு, விட்டதைச் சொல்லாமல், ஆறு மாதம் தினமும் காலையில் நீ கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப்போய் சாயங்காலம் திரும்பி வந்தவன். நைட் டியூட்டி முடிந்து வந்து அந்த டிபன் பாக்ஸுக்காகத் தூங்காமல் சமைத்தவள் நீ. அதை மன்னிக்கச் சொல்லி ஒரு நாளும் கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை. அவனோடு சேர்ந்து வாழச் சொல்கிற ஆளும் நான் இல்லை. அன்றைக்கு நீ பெட்டியோடு வந்து நின்றபோது, அடிச்சிருந்தாக்கூட தாங்கியிருப்பேம்ப்பா, ஆறு மாசம் சிரிச்சிக்கிட்டே பொய் சொல்லியிருக்கான் என்று அழுதாய். அதே பொய்யைத்தான் இப்போது உன் பிள்ளை கம்பளிக்குள் படுத்துப் பழகுகிறது. அதைச் சொல்லிக் கொடுத்தது அவன் இல்லை. நேற்றைய பதிவில் நீங்க யாரு பக்கம்ப்பா என்று கேட்டாய். நான் காலை பத்து மணி பக்கம். பத்து மணிக்கு யார் வந்து நின்றாலும் அவர்கள் பக்கம். நாளைக்கு உன் நேரத்தை அவன் திருடினால் இதே நோட்டைத் தூக்கிக்கொண்டு அவனுக்கு எதிராகப் போய் நிற்பேன், அதில் சந்தேகமே வேண்டாம்.

பிள்ளையை உங்க கிட்ட இருந்து எடுத்து ஹாஸ்டல்ல போட்டுருவேன் என்று அதிலேயே சொன்னதற்கும் பதில் எழுதிவிடுகிறேன். உத்தரவில் பிள்ளை எங்கள் வீட்டில் இருக்கும் என்று இருக்கிறது. மாற்ற வேண்டுமானால் நீ கோர்ட்டில் கேட்டுத்தான் மாற்ற முடியும், மும்தாஜ் பேகம் அம்மாவிடம் கேட்டுக்கொள். கேள், அவர்கள் கொடுத்தால் நான் பெட்டி கட்டித் தருகிறேன். கொடுக்கிற வரைக்கும் இந்த வீட்டில் இருந்து பிள்ளை பொய்யோடு வெளியே போகாது, பொய்க்காக உள்ளேயும் இருக்காது. என்னை மிரட்டுவதில் பிரயோஜனம் இல்லை. நீ எனக்குப் பிறந்தவள் என்பதால் உன் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், அந்தச் சரக்கு என்னிடம் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது.

வீட்டு விஷயம். நேற்று மத்தியானத்திலிருந்து உன் அம்மா என்னோடு நேராகப் பேசுவதில்லை. உன் தாத்தா கட்சி மாறிட்டாரு, அவருக்குச் சோறு வைக்கவான்னு கேளுட்டி என்று பிள்ளையைத் தூது விடுகிறாள். பிள்ளை இரண்டடி தள்ளி இருக்கிற என்னிடம் வந்து அதையே சத்தமாகச் சொல்கிறாள், நான் வை என்று சொல்ல அவள் திரும்பி ஓடுகிறாள், அவளுக்கு இது நல்ல விளையாட்டாகிவிட்டது. ஆனால் இன்று காலையில் சாத்துக்குடிச் சாறு பிழிந்து பிள்ளைக்குக் கொடுத்தது உன் அம்மாதான், எந்தப் பை என்று நான் கேட்கவில்லை. அரையாண்டுத் தேர்வில் தமிழுக்கு எழுபத்தெட்டு, கணக்குக்குத் தொண்ணூற்று நாலு. மேல் வரிசையில் ஒரு பல் விழுந்துவிட்டது. அக்டோபரில் ஒர்க்‌ஷாப்புக்குப் போய் வந்ததிலிருந்து ஸ்பேனருக்கெல்லாம் நம்பர் சொல்கிறாள், பொம்பளப் பிள்ளைய மெக்கானிக் ஆக்கப் போறானாக்கும் என்று உன் அம்மா நகத்து மசியைத் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தபடி முனகினாள். மழையில் பின்சுவர் ஊறிப்போய்ச் சுண்ணாம்பு உதிர்கிறது, தை பிறந்ததும் பூச வேண்டும். நீ தொடர்ச்சியாக இரண்டு நைட் டியூட்டி பார்க்காதே, வார்டில் இன்னொரு பெண் கேட்டால் முடியாது என்று சொல்லப் பழகு, எல்லோருக்கும் முடியும் என்று சொல்லித்தான் உனக்குத் தலைவலி. முட்டை சாப்பிடு. உன் மேல் கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபமாகத்தான் எழுதுகிறேன், ஆனால் உன் மேல் மட்டும் இல்லை.

இனி நிலுவையில் இருப்பது. நேற்று கோர்ட் சொன்னது ஒன்றே ஒன்று, 27ஆம் தேதி நான்காவது சனிக்கிழமை பிள்ளையைக் கட்டாயம் ஒப்படைக்க வேண்டும் என்பது. அரையாண்டு லீவு, அன்றைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னால் நானும் கனிஷ்காவும் டைம் ஆபீஸ் முன்னால் நிற்போம். அதற்கு முன் நீ என்னோடு பேசினாலும் பிள்ளை போகும், பேசாவிட்டாலும் பிள்ளை போகும். போன நாலு நாளுக்கு ஈடு என்ன, சனிக்கு பதில் ஞாயிறு உண்டா, பள்ளிக் குழுவில் அவன் நம்பர் சேருமா, இந்த மூன்றுக்கும் ஜனவரி 5ஆம் தேதி திங்கட்கிழமை உத்தரவு எதிர்பார்க்கலாம் என்று வக்கீல் அம்மா சொல்கிறார். ஈடாகப் பொங்கல் லீவில் இரண்டு நாளைக் கொடுக்க எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று நான் எழுதிக் கொடுக்கப் போகிறேன். உனக்கு ஆட்சேபம் இருந்தால் வக்கீல் மூலம் சொல், அது உன் உரிமை, காரணத்தை மட்டும் உண்மையாகச் சொல். இன்னொன்றும் நிலுவை, அது உன் டிக்கெட். பிப்ரவரி 14ஆம் தேதி லீவில் வருகிறேன், திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று போன வாரம் சொன்னாய். காலண்டரைப் பார்த்தேன். அது இரண்டாவது சனிக்கிழமை. இந்த மாதக் கடைசிக்குள் டிக்கெட் போடுவாய் என்று சொல்லியிருக்கிறாய், முடிந்தால் வெள்ளிக்கிழமைக்குப் போடு, இல்லையென்றால் ஞாயிறு. 14ஆம் தேதியே வந்து இறங்கினால் உன்னை அழைக்க நான் மட்டும் வருவேன். கனிஷ்காவை ஐந்து மணிக்குப் பார்க்கலாம்.

நீ நோய் நொடி இல்லாமல், மனசில் பாரம் இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். ரசீத்திடம் உனக்குப் பிடித்த நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்துவிடுகிறேன், உன் அம்மா போட்டது, மறக்காமல் வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
பிள்ளையை ஒப்படைக்கும் பொறுப்பிலும் உன் அப்பாவாகவும் இருக்கும்
சுடலையாண்டி